கப்பலுக்கு ஆல்பம் போட்டவர்

“அதெல்லாம் சரி. கட்டில் எந்தத் திசையில கெடக்கு? அதச் சொல்லுங்க.”

“எந்தக் கட்டில் அண்ணாச்சி?”

“ஜன்னல் அறைக் கட்டில். தலமாடு வடக்கயா, தெக்கயா?”

போனின் மறுமுனையில் இருந்தவர் ராஜபாண்டியன். விருதுநகரில் டூர் ஆபீஸ் வைத்திருப்பவர். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் ஆள் சேர்த்து அனுப்பிப் பழகியவர், போன வருஷம்தான் கப்பலுக்கு வந்தார். காசிக்குப் போகிறவர்கள் வெந்நீர் கிடைக்குமா என்று மட்டும் கேட்பார்கள்.

“அண்ணாச்சி, கப்பல் திரும்பும்ல? சென்னையில இருந்து போகும்போது தெக்க பாத்துப் போகும். எலங்கையத் தொட்டுட்டு வரும்போது வடக்க பாத்து வரும். கட்டிலும் அதோடதான திரும்பும்.”

“ராத்திரி நான் தூங்கும்போது திரும்புனா?”

“நீங்களும் திரும்புவீக.”

“வடக்க தல வச்சுப் படுக்கக் கூடாதுல்ல. அப்ப எந்த அறையில கட்டில இழுத்து மாத்திப் போடலாம்? ஜன்னல் அறையிலயா, பால்கனி அறையிலயா? ரெண்டையும் விசாரிச்சுச் சொல்லுங்க. வச்சிர்றேன்.”

செந்தூர்பாண்டி போனை வைத்தார். முகத்தில் ஒரு நிறைவு. கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று புதிதாகக் கிடைத்திருந்தது. அன்றைய பொழுது வீணாகவில்லை.

இந்த இனத்து மனிதரை உங்களுக்குத் தெரியும். ஒப்பீட்டாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடையில் அடுக்கடுக்காகச் சேலையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றை மனைவியின் தோளிலும் ஒன்றைத் தன் தோளிலும் போட்டு, இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்து, உள்ளே வந்து டியூப்லைட்டில் பார்த்து, கடைக்காரர் இரண்டாவது காபி வரவழைத்த பிறகு, “எதுக்கும் எதுத்த கடையையும் ஒரு எட்டுப் பாத்துருவோம்” என்று எழுந்திருப்பவர் அவர்தான். ஓட்டலில் மெனு அட்டையை விலாசம் முதல் விடுமுறை நாள் வரை படித்து முடித்து, பக்கத்து மேஜைக்காரரின் தட்டை எட்டிப் பார்த்து, “நல்லா இருக்கா?” என்று விசாரித்து, அவர் நல்லா இருக்கு என்று சொன்னதும் சர்வரிடம் திரும்பி, “அதவிட நல்லா எது இருக்கும்?” என்று கேட்பவரும் அவர்தான். சர்வர் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் பக்கத்து மேஜைக்காரர் கை கழுவியிருப்பார்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்கு முடிவெடுப்பது மிகச் சுலபம். எது மலிவோ அது. கோழையா? அதுவும் இல்லை. கோழை முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் கைவிட்டுப் போகிறதே என்பதுதான் ஒப்பீட்டாளரின் துக்கம். அந்தத் துக்கத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் விவரம். “நான் விவரமா விசாரிச்சுத்தான் செய்வேன்” என்பார். விசாரிப்பதைப் பார்த்திருக்கிறோம். செய்வதை யார் பார்த்தது?

நம் செந்தூர்பாண்டி சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிறார். தொழிலில் நல்ல பெயர். அங்கே முடிவெடுக்க வேண்டியவர் ஆர்டர் கொடுக்க வரும் பார்ட்டி. இவர் படங்களைக் காட்டினால் போதும். தன் விஷயம் என்று வரும்போதுதான் கோளாறு. ஒரு முறை கடைவாய்ப் பல் வலித்தது. சிவகாசி டாக்டரா, மதுரை டாக்டரா என்று விசாரித்தார். பிடுங்குவதா, வேர்ச் சிகிச்சையா என்று விசாரித்தார். இரண்டையும் செய்துகொண்டவர்களை வீடு தேடிப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். விசாரணை முடியும் தறுவாயில், ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது, பல்லே முடிவெடுத்துக் கையில் வந்து விழுந்தது.

அவர் ஒப்பிட்டுப் பார்க்காத ஒன்று உண்டென்றால் அது மனைவி பேச்சியம்மாள். அந்தக் காரியத்தை அவருடைய அப்பா ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார். இல்லாவிட்டால் இன்றைக்கும் அவர் பெண் பார்க்கும் மாப்பிள்ளைதான்.

கல்யாணமான புதிதில் ஊட்டியா கொடைக்கானலா என்று ஒப்பிட்டார். அதற்குள் மகள் பிரீத்திகா பிறந்துவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் காஷ்மீரா சிம்லாவா என்று ஆரம்பித்தார். அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு துபாயா சிங்கப்பூரா என்று பேச்சு எழுந்தது; அது முடியுமுன் பாஸ்போர்ட்டின் ஆயுள் முடிந்தது. பேச்சியம்மாள் இந்த ஊர்களை எல்லாம் அறிவாள். எந்த ஊரில் எந்த ஓட்டலில் எந்தத் தளத்தில் தண்ணீர் சரியாக வராது என்பது உட்பட. போனதில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை அவளுக்கு அவசரம் இருந்தது. காலண்டர் தொழிலில் ஆடி பிறந்தால் சீசன். வெளியூர்ப் பார்ட்டிகள் ஆர்டர் கொடுக்க வருவார்கள். வந்த பார்ட்டியை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட வேண்டும். கை நனைத்துவிட்டுப் போனவர் அடுத்த பிரஸ் படி ஏறக் கூசுவார் என்பது இங்கே எழுதாத ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அடுப்படியில் நின்று காப்பாற்றுகிறவள் பேச்சியம்மாள். ஆடியில் ஆரம்பித்தால் மார்கழி வரை உலை இறங்காது. தை, மாசிதான் மூச்சு விடுகிற காலம். இந்த வருஷமோ பங்குனியில் பிரீத்திகாவுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைக் கூட்டிவந்துவிட வேண்டும். பிறகு பிரசவம், பச்சைப்பிள்ளை, அது தலை நிமிருமுன் ஆடி. மாசியில் புறப்படும் அந்தக் கப்பலை விட்டால் இனி எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

“எந்த அறைன்னாலும் சரி. கடலு தெரியணும். நாலு நாளைக்கு வேற யாராச்சும் பொங்கணும். அம்புட்டுதான்” என்றாள்.

“அம்புட்டுதான்ங்கிற. பொங்குறதுன்னா எதப் பொங்குறது? கப்பல்ல சாப்பாட்டுக் கூடமே அஞ்சு இருக்குங்கேன்.”

அப்படித்தான் தொடங்கியது.

அறையில் நாலு வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, ராஜா வீட்டு அறை. சாதாரண மனிதன் இங்கே தன் பையைப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போவான். செந்தூர்பாண்டி நாலையும் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கப்பலின் மூக்கில் இருக்கும் அறை ஆடும், வாலில் இருக்கும் அறை அதிரும், நடுவில் இருப்பது ஆடாது, ஆனால் லிப்ட் பக்கம், ஆள் நடமாட்டம். மேல் தளத்தில் காற்று உண்டு, ஆனால் தலைக்கு மேலே நீச்சல் குளம், காலையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கும். கீழ்த் தளத்தில் சத்தம் இல்லை, ஆனால் இஞ்சின் பக்கம். போகும்போது வலது பக்க அறைக்கு இலங்கைக் கரை தெரியும், வரும்போது அதே கரை இடது பக்கக்காரனுக்குப் போய்விடும். இது அநியாயம் இல்லையா? ராஜபாண்டியனிடம் கேட்டார். “போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம்னு அறைய மாத்தித் தருவாகளா?”

சாப்பாட்டுக்கு வந்தார். டிக்கெட்டோடு சேர்ந்த கூடம் ஒன்று, அதில் நாமே தட்டெடுத்து வரிசையில் நிற்க வேண்டும். உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து வைக்கிற கூடம் ஒன்று. வெங்காயம் பூண்டு சேர்க்காத அடுப்பு ஒன்று. தனியாகப் பணம் கட்டினால் சீனச் சாப்பாடு. இன்னும் கொஞ்சம் கட்டினால் சமையல்காரர் நம் கண் முன்னாலேயே நெருப்பை உயரத் தூக்கிக் காட்டுவார். வருஷம் முழுவதும் நெருப்புக்குப் பயந்து பிழைக்கிற ஊரிலிருந்து போகிறவனுக்கு அது எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. நெருப்புக் கூடத்தில் சாப்பிட்டால் மாலை நிகழ்ச்சிக்கு முன்வரிசை இருக்கை உண்டா என்றுதான் யோசித்தார்.

சலுகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜா வீட்டு அறைக்காரர்கள் வரிசையில் நிற்காமல் ஏறலாம், அவர்களுக்கு மசாஜ் உண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். செந்தூர்பாண்டி குடிக்காதவர். ஆனாலும் ஒப்பீடு என்று வந்த பிறகு தன் பழக்கத்தைக் குறுக்கே விடலாமா?

“ராஜபாண்டியன், குடிக்காத ஆளுக்கு அதுக்குப் பதிலா மோர் தருவாகளா?”

“கேட்டுப் பாக்குறேன் அண்ணாச்சி.”

“எம்புட்டு வேணும்னாலும் தருவாகளான்னு கேளுங்க.”

ஒரு அறை மட்டும் அவரைப் பல நாள் அலைக்கழித்தது. ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு வெளியே உயிர் காக்கும் படகு தொங்கும். கடலை அது மறைக்கும்.

“அது வேண்டாம்ங்க. கடலு தெரியாதுல்ல” என்றாள் பேச்சியம்மாள்.

“அப்படிச் சொல்லீற முடியாது. கப்பல் முங்குச்சுன்னு வச்சுக்க, படகுக்குப் பக்கத்து அறை அதுதான். அந்தக் கோணத்துல அதான் ஒசந்த அறை.”

“முங்குறதுக்கா போறோம்?”

“எதுக்கும் ரெண்டையும் பாத்துக்கிறணும்ல.”

இதுவரை நடந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இனி நடந்தது சிவகாசியில் மட்டும்தான் நடக்கும்.

தையில் பிரஸ்ஸில் வேலை குறைவு. நாலு கலர் மிஷின் துணி மூடிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற செந்தூர்பாண்டிக்கு ஒரு விஷயம் உறைத்தது. பார்ட்டிக்கு எத்தனை காலண்டர் இருந்தாலும் எப்படிக் குழப்பமில்லாமல் காட்டுகிறோம்? ஆல்பம் போட்டு. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு நம்பர். பார்ட்டி புரட்டுவார், விரலை வைப்பார், நம்பரைச் சொல்வார். தீர்ந்தது. அந்தச் சலுகையைத் தனக்கும் தன் மனைவிக்கும் ஏன் தரக் கூடாது?

போட்டார். அறைகளின் படங்களை ராஜபாண்டியனிடம் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்து, கீழே நன்மை தீமைகளை நாலு வரியில் எழுதி, சாப்பாட்டுக் கூடங்களுக்கு நடுப்பக்கம் ஒதுக்கி, நாப்பத்தொண்ணாம் நம்பருக்கு மட்டும், அதாவது ஏழாம் தளத்தில் நடுக்கப்பலில் வலது கைப் பக்கம் இருக்கும் பால்கனி அறைக்கு மட்டும், மூலையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினார். ஆல்பம் என்றால் பின்னட்டையில் ஆர்டர் எடுக்கிறவரின் போன் நம்பர் இருக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. ராஜபாண்டியனின் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டார்.

தேவை ஒரு பிரதி. ஆனால் நாலு கலர் மிஷினில் ஒரு பிரதியை அச்சடிப்பது எப்படி? பிளேட் போட்டு, மை கலந்து, மிஷினைக் கிளப்பினால் ஆயிரத்தில்தான் நிறுத்த வேண்டும். மிஷின்மேன் காளீஸ்வரன் அதற்குக் கீழே ஒத்துக்கொள்ள மாட்டார். “கலர் செட்டாகுறதுக்கே எரநூறு போயிரும் மொதலாளி” என்றார். ஆயிரம் ஓடியது.

பைண்டிங் பகுதியில் ஆல்பத்துக்குக் கம்பிப் பின் அடித்துக்கொண்டிருந்த சோலையம்மாள் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். “மொதலாளி, காலண்டர்னா தேதி கிழிக்கலாம். இதுல என்னத்தக் கிழிக்கிறது?”

“நல்லாப் பாத்துச் சொல்லு, எது நல்லாருக்கு?”

“நாங்க வேலைக்கு வர்ற வேன்ல ஏறும்போது எங்கன எடம் இருக்கோ அங்கன உக்காருவோம். நீங்க கப்பல்ல ஏறுறதுக்குள்ள உங்க பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வந்துரும் போலயே.”

கூட வேலை பார்த்த பெண்கள் சிரித்தார்கள். செந்தூர்பாண்டியும் சிரித்தார். பிறகு அவளிடம், வேனில் முன்சீட்டா பின்சீட்டா எது குலுங்காது என்று உண்மையாகவே விசாரித்தார்.

ஒரு ஆல்பம் வீட்டில் இருந்தது. மிச்சம்? சிவகாசியில் அச்சடித்த ஆல்பம் கட்டுக்குள் கிடக்காது. பேப்பர் ஸ்டோருக்குப் போயிற்று, மை கம்பெனிக்குப் போயிற்று, டாக்டர் வீட்டுக்கு, விருதுநகர் மண்டிகளுக்கு, எம். புதுப்பட்டிப் பட்டாசுக்காரர்களுக்கு, கல்யாணத்தில் பார்த்தவருக்கு, காதுகுத்தில் பார்த்தவருக்கு. ஒவ்வொருவரிடமும் ஒரே வேண்டுகோள்: “பாத்துச் சொல்லுங்க, எது நல்லாருக்கு?” எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை விவரம் சேரும் அல்லவா?

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ரத்தினசாமி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பேச்சியம்மாளின் தங்கை அழகுமீனாவின் கணவர், செந்தூர்பாண்டிக்குச் சகலை. யோசிப்பது என்பது அடுத்தவர் வேலை என்று நம்புகிறவர்.

“சகலை, உங்க மனசுல எது?”

“நாப்பத்தொண்ணு. மேல நாக்காலிச் சத்தம் கெடையாது, கீழ இஞ்சின் கெடையாது, படகு மறைக்காது.”

“அப்ப அதப் போட்டுற வேண்டியதுதான?”

“போடலாம். எதுக்கும் முப்பத்தெட்டையும் ஒரு தடவ பாத்துருவோம்னு...”

“பாக்கணும், பாக்கணும்” என்று ரத்தினசாமி ஆல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மோர் கூடக் குடிக்கவில்லை.

இங்கே செந்தூர்பாண்டியின் புத்திக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அவர் மடையர் இல்லை. அவர் தொழில் அப்படி. காலண்டர் ஆல்பத்தில் ஒரு முருகன் படத்தின் மேல் ஒருவர் விரல் வைத்தால் அந்த முருகன் குறைந்துபோவதில்லை. தூத்துக்குடிக்காரர் கேட்டாலும் அடிக்கலாம், தும்கூர்க்காரர் கேட்டாலும் அடிக்கலாம். கேட்கக் கேட்க அடிக்கலாம். தேர்ந்தெடுத்தால் தீர்ந்துபோகும் சரக்கை அவர் வாழ்நாளில் கையாண்டதே இல்லை. கப்பல் அறை அப்படியல்ல. ஒருவர் விரல் வைத்தால் ஒன்று போயிற்று. இந்த உண்மை முப்பது வருஷ வியாபாரிக்குத் தெரியவில்லை. டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவருக்குத் தெரியும்.

ஊர்க்காரர்களையும் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் ஒருவர் கையில் ஆல்பத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? புரட்டுவார். விரல் வைப்பார். பின்னட்டையைத் திருப்பி நம்பரைப் போடுவார். கப்பலில் போக வேண்டும் என்று அதுவரை கனவில்கூட நினைக்காத மண்டிக்காரர்கள், கடலைக் கண்டாலே தலை சுற்றுகிறவர்கள், பழக்க தோஷத்தில் ராஜபாண்டியனுக்குப் போன் செய்து, “பதினேழாம் நம்பர்ல ஒண்ணு போட்ருங்க” என்றார்கள்.

வீட்டில் பேச்சியம்மாள் நாளுக்கு ஒரு முறை கேட்டாள். முதலில் சாதாரணமாகக் கேட்டாள். பிறகு சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்றுவதற்கு முன்னால் கேட்டாள். அது மோசமான இடம்.

“இன்னைக்குச் சொல்லிருங்க.”

“ப்ரூப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“எம்புட்டு நாளைக்கு? ஒரு தடவையாவது போயிருவோம்ங்க. பங்குனி வந்துச்சுன்னா பிள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் நகர மாட்டேன், ஆமா.”

“தெரியும். அதனாலதான சரியாப் பாக்கணும்ங்கேன். ஒரே தடவ போறோம். அது நல்ல அறையா இருக்க வேண்டாமா?”

கவனித்தீர்களா? அவள் ஒரு தடவையாவது என்றாள். அவருக்கு அது ஒரே தடவை என்று கேட்டது. பெருங்கவலையோடு முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு வழியாக, மாசி பாதி கழிந்து, ஒரு நல்ல நேரம் பார்த்து, செந்தூர்பாண்டி முடிவெடுத்தார். பார்ட்டிகள் ப்ரூப்பில் செய்வது போல நாப்பத்தொண்ணாம் பக்கத்தின் மூலையில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், போட்டோ எடுத்து ராஜபாண்டியனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். பேச்சியம்மாளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இப்படி ஒரு காட்சி அவர்கள் தாம்பத்தியத்தில் நடந்ததில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ராஜபாண்டியன் உடனே கூப்பிட்டார்.

“அண்ணாச்சி... கப்பல் ஃபுல்லு.”

“எந்தக் கப்பல்?”

“நம்ம கப்பல்தான். ஒரு அறை மிச்சமில்ல.”

“சரி, முப்பத்தெட்டு?”

“டாக்டர் எடுத்துட்டாரு.”

“ஜன்னல் அறை?”

“பேப்பர் ஸ்டோர் அண்ணாச்சி குடும்பத்தோட போறாரு.”

“அந்தப் படகு மறைக்கிற அறை?”

“அதான் மொதல்ல போச்சு. முங்குனா ஒசந்த அறைன்னு அடியில போட்டிருந்தீகல்ல, பயந்தவுக பூராவும் அதத்தான் கேட்டாக.”

செந்தூர்பாண்டி தங்க நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தார். “நாப்பத்தொண்ணு யாரு?”

“உங்க சகலை. நட்சத்திரம் போட்டிருக்கு, அதுவே குடுங்கன்னாரு. ஆல்பம் வாங்குன அன்னைக்கே.” பிறகு, அடக்க முடியாத நன்றியோடு, “கப்பல் கம்பெனியில எனக்குக் கேடயம் தாராக அண்ணாச்சி. அடுத்த வருஷமும் ஆல்பம் போடுவீகல்ல?”

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள்.  அடுப்படிக்குப் போய், நிறுத்தியிருந்த அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள். செந்தூர்பாண்டிக்கு அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டினால், காஷ்மீர் சமயம் திட்டியதோடு வைத்துப் பார்க்கலாம். மௌனத்தை எதோடு வைத்துப் பார்ப்பது?

சாயங்காலம் ரத்தினசாமியும் அழகுமீனாவும் வந்தார்கள். விஷயத்தை ராஜபாண்டியன் சொல்லியிருக்கிறார். ரத்தினசாமிக்கு முகம் கொடுக்கச் சங்கடமாக இருந்தது.

“நீங்க முப்பத்தெட்டுக்குப் போவீகன்னு நெனச்சுட்டேன் சகலை.”

“அக்கா, அந்த அறையில ஒரு சோபா இருக்குதாம்” என்றாள் அழகுமீனா. “இழுத்தாக் கட்டிலாயிருமாம். ஒரு ஆளு படுக்கலாம். இன்னைக்கே சொன்னா மூணாவது ஆளாச் சேத்துக்கிருவாகளாம். வாரியா?”

“ஆமா மதினி. நான் வெளிய பால்கனியில நாக்காலி போட்டுப் படுத்துக்குவேன். நீங்க வாங்க” என்றார் ரத்தினசாமி.

“ஒரு ஆளுக்கா? சோபாவா?” செந்தூர்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீளம் எம்புட்டு? கம்பி முதுகுல குத்துமா? எதுக்கும் ஒரு...”

“வாரேன்” என்றாள் பேச்சியம்மாள்.

“ஏத்தா, யோசிக்காமச் சொல்லாத. சோபாக் கட்டில் விவரமே ஆல்பத்துல கெடையாது. நான் அத விசாரிக்கவே இல்ல.”

“அதான் அது மிச்சம் இருந்திருக்கு.”

ரத்தினசாமி சிரிப்பை அடக்க வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். செந்தூர்பாண்டி அவள் இன்னொரு வாக்கியம் சொல்வாள் என்று காத்திருந்தார். நீங்க இல்லாம நான் மட்டும் எப்படி என்று தொடங்கும் வாக்கியம். அவர் விசாரித்த அளவில் எல்லா மனைவிமாரும் சொல்வது. பேச்சியம்மாள் உள்ளே போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். கார்த்திகையிலேயே புதுப்பித்து வைத்திருக்கிறாள். அவருடையது, சாதாரண விண்ணப்பமா, தட்காலா என்ற இடத்தில் நின்றிருந்தது.

ஊரிலிருந்து ரயிலேறிய அன்று சிவகாசி ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். டாக்டர் குடும்பம், பேப்பர் ஸ்டோர் குடும்பம், மண்டிக்காரர்கள், எல்லார் கையிலும் நம் பிரஸ்ஸின் ஆல்பம். “அண்ணாச்சி, நீங்க எந்த நம்பரு?” என்று அவரைக் கேட்டவர்கள் பலர். “இல்ல, வழியனுப்ப வந்தேன்” என்றார். ஜன்னலோரம் நின்றுகொண்டு பேச்சியம்மாளுக்குக் கடைசி விவரங்களைக் கொடுத்தார். “சாப்பாட்டுக்கு வரிசை ரெண்டு இருக்கும். எடுத்த எடுப்புல தட்டத் தூக்கீறாத. ரெண்டு வரிசையும் கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டு, அப்பறம் எது...”

வண்டி நகர்ந்துவிட்டது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். அவள் தலையாட்டியது, சரி என்பதற்கா, போய் வருகிறேன் என்பதற்கா என்று தெரியவில்லை.

சிரித்தீர்கள். நல்லது. ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் மிக்ஸி ரிப்பேராகி எவ்வளவு நாளாயிற்று? புதிது வாங்க போனில் எத்தனை பேர் எழுதியதைப் படித்தீர்கள்? ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் ஏன் கொடுத்தார் என்று தேடிப் போய்ப் படித்தீர்களா இல்லையா? அதற்குள் வீட்டில் இருப்பவர் அம்மியில் அரைக்க ஆரம்பித்திருப்பாரே, அந்தச் சத்தமாவது காதில் விழுந்ததா? உங்களிடம் நாலு கலர் மிஷின் இல்லை. உங்களுக்கும் செந்தூர்பாண்டிக்கும் இருக்கிற வித்தியாசம் அது ஒன்றுதான். இல்லை, வேறு வித்தியாசங்களும் உண்டு என்று மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் சிவகாசியில் மாதாந்திர மின்தடை. பிரஸ் ஓடவில்லை. செந்தூர்பாண்டி வீட்டில் இருந்தார். பேச்சியம்மாள் வைத்துவிட்டுப் போன புளிக்குழம்பு இருந்தது. சோறு வடித்தார், குழைந்துவிட்டது, சாப்பிட்டார். பிரீத்திகா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து அம்மா ஏறியாச்சா என்று கேட்டாள். ஏறியிருப்பா என்றார். மத்தியானத்துக்கு மேல் ரத்தினசாமி ஒரு போட்டோ அனுப்பினார். அழகுமீனாவும் பேச்சியம்மாளும் பால்கனியில் நின்றார்கள். பின்னால் துறைமுகத்துக் கிரேன் தெரிந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.

கப்பலில் பேச்சியம்மாள் சாப்பிடப் போனாள். வாசலுக்குப் பக்கத்தில் சாம்பார் சோறு இருந்தது. போட்டுக்கொண்டாள். உப்புக் கம்மி. எழுந்து போய் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். அறைக்கு வந்து சோபாவை இழுத்துப் படுத்தாள். கப்பல் கிளம்பும்போது எல்லாரும் மேல்தளத்துக்குப் போய்க் கையசைத்தார்கள். அழகுமீனா வந்து எழுப்பிப் பார்த்தாள். பேச்சியம்மாள் புரண்டு படுத்துத் தூங்கினாள்.